நாற்பத்தெட்டாவது பெயர்

“பேரை எழுதிட்டா அவங்க வந்த மாதிரி ஆயிடுமாப்பா?”

இசைப்பிரியா இதைக் கேட்டது இரண்டாம் வகுப்பு படிக்கும்போது. அவளுடைய தோழி அபி காய்ச்சலில் படுத்திருந்த நாளிலும், பள்ளி வருகைப் பதிவேட்டில் அபிக்கு யாரோ ‘வந்தாள்’ என்று போட்டுவிட்டார்களாம். ராமலிங்கம் அப்போது மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் இருந்த தன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான ஸ்கோர் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “காகிதத்துல இருந்தா வந்த மாதிரிதாம்மா” என்றார். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் நாளைக்குத் தன் பேரையும் யாரையாவது எழுதச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். குழந்தைகளுக்கு அவசரத்தில் சொல்லும் பதில்களுக்கு ஆண்டவன் ஒருநாள் விளக்கம் கேட்பான் என்பது அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

ராமலிங்கத்தின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனு எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் மந்தாரக்குப்பத்திலிருந்து மட்டுமல்ல, சுரங்கத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். அந்தக் கையெழுத்துக்காகவேதான் சுற்றுவட்டாரப் பூப்பந்துக் கழகம் அவரைச் செயலாளர் ஆக்கியது. பன்னிரண்டு அணிகள், அணிக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, ஞாயிறுதோறும் ஆட்டம். டவுன்ஷிப் பிளாக்குகளின் அணிகளும் முத்தாண்டிக்குப்பம் மாதிரியான ஊர்களின் அணிகளும் அதில் மோதும். எல்லா ஆட்டத்துக்கும் ஸ்கோர் எழுதுவது அவர்தான். மந்தாரக்குப்பம் அணியின் தாளில் அவர் எழுதும் முதல் பெயர் ஆறு வருடமாக ஒன்றேதான்: விஜயராஜ், த/பெ துரைராஜ்.

விஜயராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்ட் முடிந்து கரித்தூளோடு நேரே களத்துக்கு வந்துவிடுவான். பின்வரிசையில் நின்று அவன் எடுக்கும் பந்துகளைப் பார்த்து எதிரணிக்காரர்களே கை தட்டுவார்கள். சென்னையில் ஒரு வங்கி அணி விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. வயது வரம்பு இருபத்தைந்து. அவனுக்கு இருபத்துநான்கு முடிந்து எட்டு மாதம். அந்த வருடத்து இறுதி ஆட்டத்தைப் பார்க்கத் தேர்வாளர் வரப்போகிறார் என்ற செய்தி, 2016 ஆடி மாதம் கழகத்துக்கு வந்தது.

அதே ஆடியில்தான் மறியல் நடந்தது.

கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், வீட்டுக்கு ஒரு வேலை கேட்டுச் சாலையில் உட்கார்ந்தன. ராமலிங்கத்தின் அப்பா நிலமும் அதில் போயிருந்ததால் அவரும் போய் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் களத்து வேலியோரம் வேர்க்கடலை அவித்து விற்கும் கலியம்மாளுக்குப் போன நிலம் எதுவும் இல்லை. ஆனாலும் ஊரே போகும்போது தான் மட்டும் வூட்டில் குந்திக்கினு இருப்பது மரியாதையில்லை என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நம் ஊர் மறியலுக்கு ஒரு முறை உண்டு. போலீஸ் வரும். கொஞ்ச நேரம் கோஷம், கொஞ்ச நேரம் பேச்சுவார்த்தை. பிறகு பஸ் வரும். கிழவர்களுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டு எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். கல்யாண மண்டபத்தில் இறக்கி, மதியம் சாம்பார் சாதம் போடுவார்கள். ஃபேனுக்கு அடியில் ஒரு தூக்கம். பிறகு பெயர்களை எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்துக்கு வந்த மாதிரியே இருக்கும், தாம்பூலம்தான் இருக்காது.

அன்றைக்கும் அப்படித்தான். சாப்பாடு முடிந்ததும் காவலர் ஒருவர் வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, நல்லா எழுதுகிற ஆள் யார் என்று கேட்டார். எல்லா விரலும் ராமலிங்கத்தைக் காட்டின. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று எழுதிக்கொண்டே போனார். தன் பெயரை மூன்றாவதாக எழுதினார். முடித்தபோது நாற்பத்தேழு பேர். காவலர் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏற்றும்போது தானே எண்ணியதாகவும் நாற்பத்தெட்டு என்றும் சொன்னார். யாரோ பின்பக்கமாக நழுவியிருக்க வேண்டும். யார் என்று யாரும் சொல்லவில்லை. கணக்கு சரியாகாமல் ஒருவரையும் விடமாட்டேன் என்று அவர் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

மணி ஐந்தரை. பால் கறக்க வேண்டியவர்கள், இரண்டாவது ஷிப்டுக்கு ஏற்கெனவே தாமதமானவர்கள் எல்லாரும் ராமலிங்கத்தையே பார்த்தார்கள். எதையாவது எழுதித் தொலையுங்களேன் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் பேனாவைத் தாளில் வைத்தார். எந்தப் பெயரை எழுதலாம் என்று மனம் தேடிக்கொண்டிருக்கும்போதே, பழகின மாடு தொழுவத்துக்குப் போவதுபோல, கை தானாக ஓடிவிட்டது. விஜயராஜ், த/பெ துரைராஜ், 24, மந்தாரக்குப்பம்.

எழுதினதைப் பார்த்து அவருக்கே திக்கென்றது. அடிக்கலாமா என்று பார்த்தார். அதற்குள் காவலர் தாளை வாங்கிக்கொண்டார். தலைகளை யாரும் எண்ணவில்லை. தாளில் இருந்த பெயர்களை எண்ணினார்கள். சரியாக இருந்தது. வெளியே வந்து டீ குடித்தபோது ராமலிங்கம் தன்னைத் தேற்றிக்கொண்டார். இதுவரை நான்கு மறியல் ஆகிவிட்டது. அந்தத் தாள்களெல்லாம் எந்தக் கடையில் வடை மடிக்கப் போயினவோ.

இந்தத் தாள் வடை மடிக்கப் போகவில்லை. மறியலின்போது யாரோ எறிந்த கல்லில் ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்திருந்தது. பட்டியலில் இருந்த நாற்பத்தெட்டு பேர்மீதும் வழக்குப் பதிவானது. ஆவணி மாதம் சம்மன் வந்தது.

கழகத்தில் ஏழாவது விதி என்று ஒன்று உண்டு. ‘போலீஸ் வழக்கில் பெயர் உள்ள ஆட்டக்காரர், வழக்கு முடியும் வரை கழகத்தின் எந்த ஆட்டத்திலும் ஆடக்கூடாது.’ இரண்டு வருடம் முன்னால் ஓர் ஆட்டக்காரன் குடித்துவிட்டுத் திருவிழாவில் ஒருவர் மண்டையை உடைத்தபோது, தலைவர் சுப்பிரமணியன் கொண்டுவந்த விதி. சுப்பிரமணியன் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டைக்காரர். பூப்பந்தைச் சாமிக்கு அடுத்தபடியாக மதிப்பவர். பிள்ளைகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைப் போட்டார். நம் நாட்டில் வழக்குகள் முடியும் வேகத்தைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. அதைத் தட்டச்சு செய்து கொடுத்தது ராமலிங்கம்.

சம்மன் வந்த மறுநாளே விஜயராஜை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு ஞாயிறு அவன் இல்லாமல் அணி திணறித் திணறி இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அவனோ, ராமலிங்கம் எதிர்பார்த்த மாதிரி குதிக்கவில்லை. நான் அங்கே இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ராமலிங்கத்தை அறுத்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லிவிடலாம் என்று அந்த மூன்று வாரத்தில் எத்தனையோ முறை கிளம்பினார். போலீஸுக்குப் பொய்ப் பெயர் எழுதிக் கொடுத்த ஆளிடம் இனி யார் மனு எழுத வருவார்கள் என்று ஒரு நாள் நின்றார். இசைப்பிரியாவின் பள்ளியில் என்ன பேசுவார்கள் என்று ஒரு நாள் திரும்பினார். காலையில் சாமி விளக்கு ஏற்றிவிட்டு எப்போதும் ஐந்து நிமிடம் கண்மூடி நிற்பவர், அந்த நாட்களில் திரியைத் தூண்டிய கையோடு வெளியே வந்துவிட்டார். என்ன அவசரம் என்று மனைவி கமலா கேட்டாள். கடையில் ஆள் நிற்கிறது என்றார். கடை இன்னும் திறக்கவே இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம், ஒழுங்குக் குழு கூடியது. இடம், களத்தை ஒட்டிய பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறை. கிழிந்த வலைகளுக்கும் தேய்ந்த மட்டைகளுக்கும் நடுவே ஒரு மேசை. குழுவில் மூன்று பேர்: தலைவர் சுப்பிரமணியன், பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியை சரிதா, நடவடிக்கைக் குறிப்பு எழுத ராமலிங்கம். எதிரே விஜயராஜ். முதல் ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, திருநீறு வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

சுப்பிரமணியன் விதியைப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அன்னைக்கு அந்த மண்டபத்துக்கு நீ போனியா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லு.”

“போனேங்க.”

ராமலிங்கத்தின் பேனா நின்றுவிட்டது. இல்லாத இடத்துக்குப் போனேன் என்கிறானே, இவனுக்கு என்ன பைத்தியமா?

“உள்ள உக்காந்திருந்தியா?”

“இல்லைங்க சார். உள்ள வரல, வெளியவே திரும்பிட்டேன்.”

“பின்ன எதுக்குப் போன?”

விஜயராஜ் தரையைப் பார்த்தான். “அத மட்டும் கேக்காதீங்க சார். வழக்கு எம்மேல இருந்தா இருந்துட்டுப் போவுது.”

சுப்பிரமணியன் பெருமூச்சு விட்டார். அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பையனே போனேன் என்று சொன்ன பிறகு அவர் என்ன செய்வார்? எழுதிக்கொள்ளுங்கள் என்று ராமலிங்கத்திடம் சொன்னார். ஆட்டக்காரர் சம்பவ இடத்துக்குச் சென்றதை ஒப்புக்கொண்டார், விதி ஏழின்படி...

ராமலிங்கம் ‘ஆட்டக்காரர்’ என்று எழுதினார். உண்மையைச் சொன்னால், அந்த நொடியில் அவர் மனசுக்குள் ஒரு பாழாய்ப்போன குளிர்ச்சி பரவியது. அவனே போனேன் என்கிறான். இனி நாம் சொல்ல என்ன இருக்கிறது? ஆண்டவனாகப் பார்த்து வழி விட்டதாக நினைக்கக்கூடப் பார்த்தார். மனிதனுக்கு வசதியான எல்லாவற்றையும் ஆண்டவன் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபம்.

சரிதா கையை நீட்டிக் குறிப்பேட்டின்மேல் வைத்தாள்.

“ஒரு நிமிஷம் சார். ராமலிங்கம் அண்ணே, உங்க பேரும் இதே கேஸ்ல இருக்கு இல்ல?”

“இருக்கும்மா. மூணாவது பேரு.”

“ஒரே கேஸு. அவன் பந்தையே தொடக்கூடாது. நீங்க மட்டும் இங்க உக்காந்துகினு அவனுக்குத் தீர்ப்பு எழுதலாமா?”

விதியில் ஆட்டக்காரர் என்றுதான் இருக்கிறது, செயலாளர் என்று இல்லை என்று சுப்பிரமணியன் இழுத்தார். அதைத்தான் நானும் சொல்கிறேன், விதி போட்டவர்களெல்லாம் விதிக்கு வெளியே நின்றுகொண்டு போட்டிருக்கிறோம் என்றாள் சரிதா. கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குக் கை காலை எப்படி நீட்டுவது என்று சொல்லித்தருகிற மாதிரிதான் சொன்னாள். சுப்பிரமணியன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராமலிங்கம் பேனாவை மூடினார். எதிரே விஜயராஜ், இவ்வளவு நடந்தும், ‘விடுங்கக்கா, அண்ணன் என்ன பண்ணுவாரு’ என்பதுபோல சரிதாவைப் பார்த்துத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“நாப்பத்தெட்டாவது பேர நான் எழுதினேங்க” என்றார். “இவன் அங்க இல்ல. ஒரு ஆளு கொறைஞ்சுது. எல்லாரும் வூட்டுக்குப் போவணும்னு நின்னாங்க. நான் எழுதிட்டேன்.”

வெளியே களத்தில் யாரோ தண்ணீர் தெளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஊர்ல ஆயிரம் பேரு இருக்கு. இவன் பேரு ஏன்யா?” என்றார் சுப்பிரமணியன்.

“ஆறு வருஷமா எழுதறேன். கை போட்டுடுச்சுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்று சரிதா கேட்டாள். பயம் என்றார் ராமலிங்கம். அதற்கு மேல் அழகான காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

சுப்பிரமணியன் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோழி கிளறியது போன்ற தன் கையெழுத்தில் தானே எழுதினார். விஜயராஜ் ஞாயிற்றுக்கிழமை ஆடலாம். செயலாளர் இந்தப் பருவம் முழுக்கக் கழகப் பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும். நாளைக்கே ஸ்டேஷனில் உண்மையை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏழாவது விதியில், ஆட்டக்காரரானாலும் நிர்வாகியானாலும், நிறுத்தி வைப்பதற்கு முன்பு கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று சேர்க்கப்படுகிறது. எழுதி முடித்துவிட்டு, குழு என்று ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் தண்டனை, அப்புறம் விசாரணை என்று இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறோமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ராமலிங்கத்துக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார். அந்த டீயை விழுங்குவதுதான் அன்றைக்கு ராமலிங்கத்துக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தபோது விஜயராஜ் பைக்கின்மேல் உட்கார்ந்து காத்திருந்தான். அறைவான் என்று நினைத்துத்தான் ராமலிங்கம் போய் நின்றார்.

“ஆறு வருஷமா எம்பேர்ல ஒரு புள்ளி தப்பா வெக்கல நீங்க” என்றான். “போலீஸ் தாள்லகூடவா அவ்ளோ சுத்தமா எழுதணும்?”

“அடிச்சிடுப்பா. மனசு ஆறிடும்.”

“அடிச்சா அதுக்கு ஒரு கேஸு போடுவாங்க. ஞாயித்துக்கெழம ஆட வேணாமா?”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். அன்றைக்கு முதல் ஷிப்ட் விட்டு மண்டபத்தின் பின்பக்கச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தானாம். பாத்திரம் கழுவுகிற இடத்துச் சுவரோரம் கலியம்மாள் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாளாம். அவள் மகள் சந்திராவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாக அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போலீஸிடம் கேட்டால் விடுவார்களோ மாட்டார்களோ என்று அவளுக்குப் பயம். இவன் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டிருக்கிறான். அன்று சாயங்காலமே பேத்தி பிறந்துவிட்டது.

“சம்மன் வந்ததும், அந்தம்மாவக் கூட்டிக்கினு போனத யாரோ பாத்துட்டாங்க, அதுக்குத்தான் எம்மேல கேஸுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்” என்றான். “வாயத் தொறந்தா அந்தம்மா பேரு வரும். புள்ள பெத்த வூட்டுக்குப் போலீஸ் போவும். அதான் கம்முனு இருந்தேன்.”

ராமலிங்கம் பக்கத்திலிருந்த வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ண்ணே. நாளைக்கு ஸ்டேஷன்ல நாப்பத்தெட்டாவது ஆளு யாருன்னு கேப்பாங்க. அத மட்டும் சொல்லாதீங்க. கொறைஞ்ச தலை தன்னோடதுன்னு அந்தம்மாவுக்கே தெரியாது.”

கேட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ராமலிங்கம் எழுதிக்கொண்டுபோன வாக்குமூலத்தை சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். விஜயராஜின் பெயரை நீக்க எழுதி அனுப்புவதாகச் சொன்னார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் ஏறியது நாற்பத்தெட்டு தலை என்பது உண்மை, அந்த ஒரு தலை யாருடையது, அதைச் சொன்னால் நீ இப்போதே கடைக்குப் போகலாம் என்றார்.

“சொல்ல மாட்டேங்க” என்றார் ராமலிங்கம்.

“தெரியாதா, சொல்ல மாட்டியா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த வழியில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து பார்த்தாயிற்று. “தெரியுங்க. அவங்க கல்லெறியல. ஒரு பேரத் தப்பா எழுதி இவ்ளோ ஆயிடுச்சு. இன்னொரு பேர என் கையால எழுத மாட்டேங்க. தண்டனை எதுவா இருந்தாலும் எனக்கே குடுத்துடுங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் அவரை முறைத்துப் பார்த்தார். அப்புறம் ஏட்டைக் கூப்பிட்டு, இந்த ஆள் பதினைந்து நாள் தினமும் காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான்.

அதனால் இறுதி ஆட்டத்தை ராமலிங்கம் பார்க்கவில்லை. பத்து மணிக்குப் போனவரைப் பன்னிரண்டுவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். களத்துப் பக்கமிருந்து வந்த கூச்சல் காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கூச்சல் எந்தப் பக்கத்துக்கு என்று பிரித்தறிய முயன்று தோற்றுப்போனார். வீட்டுக்கு வந்ததும் இசைப்பிரியா மூச்சு வாங்கச் சொன்னாள். இரண்டு புள்ளியில் நம் அணி தோற்றுவிட்டது. ஆனால் விஜயராஜ் மாமா தரையோடு தரையாகப் போன ஒரு பந்தை எடுத்தபோது, சென்னையிலிருந்து வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஐப்பசியில் சென்னைக்கு வரச்சொல்லி முகவரியும் கொடுத்திருக்கிறார். நீ ஏம்ப்பா வரல என்று கடைசியில் கேட்டாள். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு, ஒருவர் பெயரைத் தான் தப்பாக எழுதிவிட்டதாகவும் அதற்காகப் போய்வருவதாகவும் சொன்னார். அவள் ரப்பர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

பதினைந்து நாளும் போனார். முதல் வாரம் கடைத்தெருவில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். நாற்பத்தெட்டாவது ஆள் யார் என்று டீக்கடையில் பந்தயம்கூடக் கட்டினார்கள். கமலா இரண்டு முறை கேட்டாள். அவர் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். அவள் அப்புறம் கேட்கவில்லை.

பதினைந்தாவது நாள் ஏட்டு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ராமலிங்கம் தானே நோட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் கலியம்மாள் நின்றிருந்தாள். தோளில் கைக்குழந்தை. தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். மகள் சந்திரா எதிர்க்கடையில் மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாளாம். அவரைப் பார்த்ததும் கலியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, நாலு எழுத்துப் படிச்ச ஆளு நீ. இப்படி தெனம் ஸ்டேஷனுக்கு நடந்துகினு கெடக்கிறியே. எவனோ தப்பிச்சு ஓடினதுக்கு நீ கையெழுத்துப் போடுறியாமே. அவனுக்கு ஒரு நெஞ்சு வேணாம்? வந்து நிக்க மாட்டான்?”

“விடுங்கம்மா” என்றார் ராமலிங்கம். “அந்த ஆளுக்கு அன்னிக்கு என்ன அவசரமோ.”

“என்ன பெரிய அவசரம்” என்றாள் அவள். கூட்டத்துக்கு நடுவே பஸ் வந்து நின்றது. பையைத் தூக்க வேண்டியிருந்ததால் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது பால் வாசனையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது. என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இன்னும் வைக்கவில்லை, வைத்ததும் பெயர் பதிவுக்கு உன் கடைக்குத்தான் வரணும், நல்லா எழுதிக் குடு என்றாள் கலியம்மாள்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லிக் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். சந்திராவும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பஸ் போன பிறகு, ராமலிங்கம் கடையைத் திறக்க நடந்தார்.